ஜன்னலுக்கு அப்பால் நான்கு மாடி

சிம்லாவில் ஓட்டலுக்குள் நுழைகிறவர்கள் மாடி ஏறுவதில்லை, இறங்குகிறார்கள். மலைச்சரிவில் ஒட்டவைத்தாற்போல நிற்கும் கட்டடங்களில் சாலை மட்டத்தில் இருப்பது உச்சித் தளம். ரிசப்ஷன் அங்கே. அறைகள் அதற்குக் கீழே, இன்னும் கீழே. இரண்டு தளம் இறங்கி, ஏதோ பாதாளத்துக்கு வந்துவிட்டதாக நினைக்கும்போது ரூம் பாய் திரைச்சீலையை விலக்குகிறார். ஜன்னலுக்கு வெளியே தேவதாரு மரங்களின் உச்சிகள். தரை எங்கோ நான்கு மாடி கீழே இருக்கிறது.

டிசம்பர் கடைசியில், பனி விழும் என்ற நம்பிக்கையில் டெல்லி ராமகிருஷ்ணபுரத்திலிருந்து வந்து சேர்ந்த அந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இதே வரவேற்புதான். கணவன், மனைவி, கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பாட்டி, இரண்டு வயது நிரம்பாத பெண் குழந்தை. கால்காவிலிருந்து சிம்லாவரை 96 கிலோமீட்டர், 1903-இல் திறக்கப்பட்ட குட்டி ரயில் பாதை, 100-க்கும் மேற்பட்ட சுரங்கங்கள். பெரியவர்கள் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு வந்தார்கள். குழந்தை அத்தனையையும் தூங்கிக் கழித்தது. எனவே அறைக் கதவு திறந்தபோது மூன்று பேர் கட்டிலில் சாய்ந்தார்கள். நான்காமவர் அப்போதுதான் அன்றைய பொழுதைத் தொடங்கினார்.

அறையின் பெருமையே அந்த ஜன்னல்தான். பள்ளத்தாக்கு தெரியும் அறைக்கு ஒரு வாடகை, தெரியாத அறைக்கு ஒரு வாடகை. காட்சியை உட்கார்ந்து ரசிப்பதற்காக ஜன்னலை ஒட்டி ஒரு சோபா. சோபாவிலிருந்து ஜன்னல் விளிம்புக்கு ஒரு படி. இரண்டையும் குழந்தை கடக்க அரை நிமிடம் ஆகவில்லை. பாட்டி கவுனைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கண்ணாடிக் கதவின் கொக்கியையும் அது ஆராய்ந்திருக்கும். "வந்த உடனே கண்ணு எங்கே போகுது பாரு இவளுக்கு" என்றார் பாட்டி, பாதி கோபமும் பாதி பெருமையுமாக.

ஓட்டல் அறை பெரியவர்களின் உயரத்தில் நின்று யோசித்துச் செய்யப்படும் இடம். விளம்பரத்தில் எதையெல்லாம் சொல்லி ஓட்டல்காரர்கள் வாடகை கேட்கிறார்களோ, அதெல்லாம் தவழும் குழந்தைக்கும் தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்கும் கண்ணி வைத்தது போலத்தான். பள்ளத்தாக்குக் காட்சி, 24 மணி நேர வெந்நீர், கணகணப்பான ஹீட்டர், கனமான ரஜாய், உள்ளே தாழிட்டுக்கொள்ளும் தனிமை. சமவெளியிலும் இவை உண்டு. ஆனால் மலை ஊரில், அதுவும் குளிர்காலத்தில், இத்தனையும் ஒரே அறையில் சேர்ந்துகொள்கின்றன.

ஜன்னலைப் பொறுத்தவரை சிம்லாவில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே பல குழந்தைகளைக் காப்பாற்றுவது குரங்குகள். ஜாக்கூ மலை அனுமார் கோயிலைச் சுற்றியும் ஊர் முழுவதும் செம்முகக் குரங்குகள் ஆட்சி செய்கின்றன. மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போய், பொட்டுக்கடலை கொடுத்தால்தான் திருப்பித் தரும் அளவுக்கு அவற்றுக்கு வியாபாரம் தெரியும். தொல்லை தாங்காமல் 2016-இல் மத்திய அரசு சிம்லா நகராட்சி எல்லைக்குள் அவற்றைத் தீங்கு செய்யும் விலங்குகள் என்றே அறிவித்தது. திறந்த ஜன்னல் வழியே உள்ளே வந்து பழத்தட்டைக் காலி செய்யும் இந்த விருந்தாளிகளுக்குப் பயந்து பழைய ஓட்டல்கள் ஜன்னலுக்கு இரும்புக் கிராதி போட்டிருக்கின்றன. கிராதி குரங்கை வெளியே நிறுத்துகிறது; குழந்தையை உள்ளே நிறுத்துகிறது. புதிதாகக் கட்டப்படும் ஓட்டல்கள் காட்சி மறைகிறது என்று கிராதியை விட்டுவிட்டு, தரையிலிருந்து கூரைவரை நகரும் கண்ணாடி வைக்கின்றன. வாடகை அதிகம் கொடுப்பவருக்கு ஆபத்தும் அதிகம் என்பது இந்த ஊரின் கணக்கு.

கொசுவலை அடித்த ஜன்னலை நம்புகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வலை பூச்சியைத் தடுக்கும். சாய்ந்து நிற்கும் பத்துக் கிலோ குழந்தையைத் தாங்காது. கிராதி இல்லாத அறையானால் சோபா, முக்காலி, டீப்பாய், பெட்டி எல்லாவற்றையும் ஜன்னலிலிருந்து எதிர்ச்சுவருக்கு நகர்த்திவிட வேண்டும். கட்டில் ஜன்னலை ஒட்டியிருந்து நகர மறுத்தால் வேறு அறை கேட்பதே மேல். பள்ளத்தாக்கை ரிசப்ஷனுக்கு வெளியே நின்றும் பார்க்கலாம், இலவசமாக.

பால்கனியின் கதை இன்னும் சிக்கலானது. கைப்பிடிச் சுவர் 1 மீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அந்தத் தொகுப்பு முதலில் வெளிவந்தது 1970-இல். சிம்லாவின் மர பால்கனிகளில் பல வைஸ்ராய் காலத்தவை. உயரம் போதுமானதாக இருந்தாலும் கம்பிகள் படுக்கைவாட்டில் இருந்தால் அது குழந்தைக்கு ஏணி. நெடுக்குக் கம்பிகளுக்கு இடையே சுமார் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும்; சிறு குழந்தையானால் முழுதாகவே வெளியே போய்விடும். பெரியவரின் நான்கு விரல்களை அகல விரிக்காமல் சேர்த்து வைத்தால் கிட்டத்தட்ட 8 சென்டிமீட்டர். அளவுகோல் எப்போதும் கையிலேயே இருக்கிறது. சோதனையில் தேறாத பால்கனியின் கதவைப் பூட்டி, சாவியைத் தங்கும் நாள்வரை கைப்பைக்குள் வைத்துவிடலாம்.

இரண்டாம் நாள் காலை நடந்ததுதான் அந்தக் குடும்பம் சிம்லாவை நினைக்கும்போதெல்லாம் நினைக்கப்போவது. அம்மா தலை வாரிக்கொண்டிருந்தாள். அப்பா மேலே ரிசப்ஷனில் வண்டிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பாட்டி ஜபமாலையோடு கண்மூடி உட்கார்ந்திருந்தார். குழந்தை குளியலறைக்குள் போய்க் கதவைத் தள்ளி மூடியது. கைப்பிடி நடுவில் அழகாக ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தியது. பூட்டிக்கொண்டது.

முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா கதவைத் தட்டியதும் அது இன்னும் பலத்தது. விளையாட்டு என்று நினைத்திருக்கும். பிறகு சத்தம் நின்றுவிட்டது. சத்தம் நின்றதும்தான் பயம் வந்தது. உள்ளே விளிம்புவரை நிரம்பிய வாளி இருப்பது அம்மாவுக்கு அப்போது ஞாபகம் வந்தது. கீஸரை அணைத்தோமா என்பது ஞாபகம் வரவில்லை. "ராஜாத்தி, கதவைத் திறடா கண்ணு" என்று பாட்டி கெஞ்சினார். பூட்டத் தெரிந்த வயதுக்குத் திறக்கத் தெரிவதில்லை.

ஓடிவந்த ரூம் பாய் கதவை உடைக்க முயலவில்லை. "மாதாஜி, ஒரு ஊசி கொடுங்கள்" என்று இந்தியில் கேட்டார். பாட்டியின் கொண்டை ஊசியை நிமிர்த்தி, கைப்பிடியின் வெளிப்பக்கம் இருந்த சிறு துளைக்குள் செருகி அழுத்தினார். கதவு திறந்தது. குழந்தை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. தண்ணீர் போகும் சல்லடை மேலிருந்து எடுத்த வெள்ளை உருண்டை ஒன்று கையில் இருந்தது. இன்னும் வாயில் வைக்கவில்லை.

இவ்வகைப் பூட்டுகளில் பெரும்பாலும் வெளியிலிருந்து திறக்க ஒரு துளையோ காசு நுழையும் வெட்டோ இருக்கும். அறைக்கு வந்தவுடன் அதைத் தேடிப் பார்த்து, ஒரு முறை திறந்தும் பார்த்துவிடுவது நல்லது. பழைய ஓட்டல்களில் இருக்கும் தாழ்ப்பாளுக்கு இந்த வசதி கிடையாது. உள்ளே போட்டால் போட்டதுதான். ரிசப்ஷனில் தொங்கும் மாஸ்டர் சாவியும் உதவாது. அங்கே ஒரு கைத்துண்டுதான் தீர்வு. துண்டைக் கதவின் மேல் விளிம்பில் மடித்துப் போட்டால் கதவு முழுதாக மூடாது. குழந்தையின் விரல் நசுங்காமலும் அது காக்கும். அறையின் பிரதான கதவுக்கும் இந்தக் கவலை உண்டு. தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுக்கு வெளியே அம்மாவும் உள்ளே குழந்தையும் நிற்க, காற்று ஒரு முறை வீசினால் போதும். தாழ்வாரத்தில் எட்டிப் பார்ப்பதானாலும் சாவி கையில் இருக்கட்டும்.

அந்த நிரம்பிய வாளிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. சிம்லா தண்ணீருக்குத் தவிக்கும் ஊர். 2018 மே இறுதியில் நாள்கணக்கில் குழாய்கள் வறண்டு, சுற்றுலாப் பயணிகளே தயவுசெய்து வராதீர்கள் என்று ஊர்க்காரர்கள் சமூக ஊடகங்களில் வேண்டிக்கொள்ளும் நிலை வந்தது. கடுங்குளிர் இரவுகளில் குழாய்க்குள்ளேயே தண்ணீர் உறைந்துபோவதும் உண்டு. எனவே வாளியை நிரப்பி வைப்பது இங்கே நல்ல விருந்தோம்பல். ஆனால் தள்ளாடி நடக்கும் வயதில் குழந்தையின் தலை உடலின் அளவுக்கு மிஞ்சிய கனம். எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. மூழ்குவதற்கு வாளி நிறையத் தண்ணீர் தேவையில்லை. சில அங்குலம் போதும். அதில் சத்தமே எழாது என்பதுதான் கொடுமை. தண்ணீரைச் சேமிக்க வேண்டுமென்றால் மூடியுள்ள பாத்திரத்தில், அல்லது குளியலறைக் கதவை வெளியிலிருந்து தாழிட்டுச் சேமிக்க வேண்டும்.

வெந்நீர்க் குழாய் இன்னொன்று. கீஸர் தண்ணீர் 60 டிகிரி செல்ஷியஸ் சூட்டில் வந்தால் பெரியவரின் தோலையே ஐந்து விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தையின் தோல் மெல்லியது. அதற்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். 50 டிகிரிக்கு இறக்கினால் அதே காயத்துக்கு நிமிடக்கணக்கில் ஆகும். கீஸரின் அடியில் இருக்கும் திருகைக் குறைத்துவைக்கும்படி ரூம் பாயிடம் கேட்பதில் வெட்கமில்லை. வாளியில் முதலில் குளிர்நீர், பிறகு வெந்நீர் என்ற வரிசையும் மாறக்கூடாது. கலக்கிவிட்டு முழங்கையை நனைத்துப் பார்ப்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த வெப்பமானிதான். ஊரிலிருந்தே வெந்நீர் போடும் ராடு கொண்டுவருகிறவர்கள் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். மின்சாரம் பாயும் ராடை வாளியில் தொங்கவிட்டு, அதே அறையில் குழந்தையையும் வைத்திருப்பது துணிச்சல் அல்ல.

அந்த வெள்ளை உருண்டையை விட்டுவிட முடியாது. இந்தியா முழுவதும் ஓட்டல் குளியலறைகளின் வாசனை அதுதான். பாச்சை உருண்டை, அதாவது நாப்தலீன். வாஷ்பேசினில், சல்லடையில், அலமாரி மூலையில் கிடக்கும். பார்ப்பதற்குப் பெப்பர்மிண்ட். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் உள்ளே போனால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து சிதையும். அந்தக் குறைபாடு நம் நாட்டில் அரிதல்ல. பரிசோதிக்காதவரை இருப்பதே தெரியாது. அறைக்குள் நுழைந்ததும் உருண்டைகள் அனைத்தையும் பொறுக்கி ரூம் பாயிடம் கொடுத்துவிடுவதற்கு இரண்டு நிமிடம் ஆகும். கட்டிலுக்கு அடியிலும் ஒரு முறை கையை விட்டுப் பார்க்கலாம். துடைப்பம் எட்டாத இடத்தில் முந்தைய விருந்தாளி தவறவிட்ட மாத்திரை, காசு, பொத்தான் பேட்டரி எதுவும் இருக்கலாம். பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சுட்டுப் புண்ணாக்கும். மாத்திரை என்றால் வெளியாரை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்தக் குடும்பத்தில் ரத்த அழுத்த மாத்திரை டப்பா இருந்த இடம் பாட்டியின் சுருக்குப்பை. சுருக்குப்பை இருந்த இடம் கட்டில் ஓரம்.

இருட்டிய பிறகு சிம்லா வேறு ஊர். சுமார் 2,200 மீட்டர் உயரம். டிசம்பர் இரவில் குளிர் பூஜ்யத்தை நெருங்கும். சமவெளிக்காரர்கள் செய்யும் முதல் காரியம் எல்லாவற்றையும் இறுக மூடுவது. கதவிடுக்கில் துணி திணிப்பார்கள். பழைய நாளிதழைச் சுருட்டி ஜன்னல் சந்தில் செருகுவார்கள். பிறகு சூட்டுக்கு வழி தேடுவார்கள். மின்சார ஹீட்டர் என்றால் சுடும் என்ற பயம் ஒன்றுதான். சிவந்து எரியும் கம்பிக்கு முன்னால் குழந்தையின் கையும், ரஜாயின் ஓரமும், காயப்போட்ட ஜட்டியும் நெருங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கட்டிலிலிருந்து 1 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், தூங்கும்முன் அணைத்துவிட வேண்டும். ஆனால் மலைகளில் மின்சாரம் போகும். போனதும் அங்கீட்டி வரும்.

அங்கீட்டி என்பது கரியடுப்பு. வெளியே வைத்து மூட்டி, புகை அடங்கியதும் உள்ளே கொண்டுவருவது வழக்கம். புகை போய்விட்டது, இனி ஆபத்தில்லை என்ற நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது. தணலாகக் கனியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரிச்சலும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்வதைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இதைப் பிடித்துக்கொள்கிறது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்குவார். குழந்தைகள் வேகமாக மூச்சுவிடுபவர்கள். எனவே பெரியவர்களுக்கு முன்பே அவர்களுக்குப் பாதிப்பு தொடங்கும். தலைவலியைச் சொல்லத் தெரியாத குழந்தை வாந்தி எடுக்கும், சோர்ந்து கிடக்கும். பயண அலுப்பு, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பெற்றோர் மேலும் ஒரு ரஜாயைப் போர்த்துவார்கள்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலை வாசஸ்தலத்தில் நடந்தது இதுதான். பொகாரா பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கேரளச் சுற்றுலாக் குழுவில் 8 பேர் குளிருக்குப் பயந்து ஒரே அறையில் தங்கினார்கள். எரிவாயு ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. கதவும் ஜன்னல்களும் உள்ளிருந்து தாழிடப்பட்டிருந்தன. காலையில் யாரும் எழவில்லை. ஹெலிகாப்டரில் காத்மாண்டுவுக்குக் கொண்டு போயும் ஒருவரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. இறந்தவர்களில் 4 பேர் குழந்தைகள். அவர்களில் ஒருவனின் உடன்பிறப்பு வேறு அறையில் படுத்திருந்ததால் தப்பினான். இத்தனைக்கும் அந்த அறையில் தீப்பிடிக்கவில்லை, எதுவும் உடையவில்லை.

எனவே கரியோ, எரிவாயுவோ, மண்ணெண்ணெயோ, எரிகிற எதுவும் தூங்கும் அறைக்குள் வரக்கூடாது. ஓட்டல்காரர் அன்போடு கொண்டுவந்து வைத்தாலும் வரக்கூடாது. குளியலறைக்குள்ளேயே எரிவாயு கீஸர் பொருத்திய சிறு விடுதிகள் மலைப்பகுதிகளில் இருக்கின்றன. குழந்தையோடு போகிறவர்கள் அத்தகைய அறையை மறுத்துவிடுவதே சரி. வேறு வழியில்லை என்றால் வாளியில் நீரைப் பிடித்து, கீஸரை அணைத்து, கதவைத் திறந்து காற்றை மாற்றிய பிறகே குழந்தையைக் குளிப்பாட்டப் போக வேண்டும். கார்பன் மோனாக்ஸைடைக் கண்டு அலறும் கையடக்கக் கருவி இப்போது இணையக் கடைகளில் கிடைக்கிறது. மலைக்குப் போகும் பெட்டியில் கம்பளித் தொப்பிக்குப் பக்கத்தில் அதற்கும் இடமுண்டு. எப்படியானாலும், ஜன்னல் இரண்டு விரல் அளவாவது திறந்திருக்கட்டும். கிராதி உள்ள ஜன்னலானால் இந்தக் காரியம் சுலபம். மறுபடியும் குரங்குகளுக்கு நன்றி.

ரஜாய் விஷயத்தில் பாட்டிக்கும் மருமகளுக்கும் அன்றிரவு சின்ன வாக்குவாதம். "பச்சைக் குழந்தைக்குக் குளிராதா? நல்லா மூடும்மா." "மூச்சு முட்டும் அத்தை." இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் மேல் பஞ்சு ரஜாய் போடவே கூடாது. அது முகத்தின்மேல் ஏறினால் தள்ளிவிடும் பலம் குழந்தைக்கு இல்லை. போர்த்துவதற்குப் பதில் உடுத்த வேண்டும். பருத்தி உடைக்கு மேல் ஒரு கம்பளி, கால் மூடிய உடை, மல்லாக்கப் படுக்கை. கையும் காலும் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிடரியைத் தொட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். பிடரி வியர்த்திருந்தால் துணி அதிகம். மின்சாரக் கம்பளம் கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

எங்கே படுக்கவைப்பது என்பதற்கும் ஓட்டல் கட்டில் பதில் சொல்வதில்லை. இரு பெரியவர்களுக்கு நடுவே போட்டால் நசுங்கும் பயம். ஓரத்தில் போட்டால் உருளும். சுவரோரம் என்றால் மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து விழுவதைவிட மோசம். பெரிய ஓட்டல்களில் முன்கூட்டிச் சொன்னால் தொட்டில் கட்டில் தருகிறார்கள். வந்ததும் அதை ஆட்டிப் பார்க்க வேண்டும். மெத்தை நாலாபுறமும் இடைவெளியின்றிப் பொருந்துகிறதா, கம்பிகள் நெருக்கமாக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். நம்மவர்களுக்குத் தூளி ஞாபகம் வரும். வீட்டில் உத்தரத்துக் கொக்கியில் கட்டிய பழைய புடவையில் தூங்கிப் பழகிய குழந்தை கட்டிலில் கத்தும். அதற்காகத் திரைச்சீலைக் கம்பியிலோ மின்விசிறியிலோ புடவையைக் கட்டுவது விபரீதம். அந்தக் கம்பி திரைச்சீலையைத் தாங்குவதற்காக இரண்டு சிறு திருகாணிகளில் நிற்பது.

கடைசியில் இந்தக் குடும்பம் கண்ட வழி, நாட்டில் தமிழர்கள் எங்கே போனாலும் காண்கிற வழிதான். கூடுதல் மெத்தை ஒன்றைக் கேட்டு வாங்கித் தரையில் போட்டார்கள். தரையிலிருந்து யாரும் கீழே விழ முடியாது.

குடிநீர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் கொதிக்கவைக்கிறார்கள். ஆனால் சிம்லா உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். எனவே கொப்புளம் வந்ததும் இறக்கிவிடாமல் மூன்று நிமிடம் தளதளக்க விட வேண்டும். மின்சாரக் கெட்டில் தானாக அணைந்துவிடும். அதை நம்பாமல் சமையலறையில் சொல்லிக் கொதிக்கவைத்துக்கொள்வது மேல். 2015 இறுதியிலும் 2016 தொடக்கத்திலும் அஸ்வனி ஓடைக் குடிநீரில் கழிவுநீர் கலந்து சிம்லாவில் மஞ்சள் காமாலை பரவியதை ஊர் இன்னும் மறக்கவில்லை. கெட்டிலின் வயர் மேஜை விளிம்பில் தொங்காமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். தொங்குவதையெல்லாம் இழுப்பது குழந்தைகளின் சுபாவம்.

இவ்வளவுக்கும் ஓட்டல் என்ன செய்கிறது? ரிசப்ஷன் பதிவேட்டில் பெரியவர்களின் பெயர், வயது, முகவரி, அடையாள அட்டை நகல் எல்லாம் கேட்கப்படுகின்றன. குழந்தையைப் பற்றி வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஐந்து வயதுக்குக் கீழா? ஆமென்றால் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாதவரைப் பதிவேடு எண்ணுவதில்லை. எண்ணாதவருக்காக அறையை யாரும் தயார் செய்வதுமில்லை. குழந்தையோடு வருகிறவர்களுக்குக் கிராதி உள்ள அறையை ஒதுக்கவும், வாளியைக் கவிழ்த்துவைக்கவும், பாச்சை உருண்டையை எடுத்துவிடவும் செலவு ஒரு காசும் ஆகாது. அந்த ஒற்றைக் கேள்விக்குப் பின்னால் இன்னொன்றைச் சேர்த்தால் போதும். அதுவரை கேட்க வேண்டியவர்கள் பெற்றோர்தான், அதுவும் முன்பணம் கட்டுவதற்கு முன்.

அப்படிக் கேட்கும்போது சிம்லாவுக்கென்றே ஒரு கேள்வி உண்டு: ஓட்டல் வாசலுக்கும் வண்டி வந்து நிற்கும் இடத்துக்கும் எத்தனை படி? மால் ரோடில் சுற்றுலா வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கார்ட் ரோடிலிருந்து மேலே வர இரண்டு கட்டமாக லிஃப்ட் இருக்கிறது. அதற்கும் அப்பால் 'கான்' என்று அழைக்கப்படும் காஷ்மீரச் சுமைக்காரர்களின் முதுகில் பெட்டிகள் ஏறும். பகலில் இதெல்லாம் சுவாரஸ்யம். நள்ளிரவில் குழந்தைக்கு மூச்சிரைப்போ வலிப்போ வந்தால், பனியில் வழுக்கும் நூறு படிகள் வேறு மாதிரி தெரியும். இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நகருக்குள்ளேயே இருக்கிறது. 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். ஆனால் அது சாலைவரைதான் வரும். கைக்குழந்தை உள்ளவர்கள் காட்சியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, வண்டி வாசல்வரை வரும் ஓட்டலைத் தேர்வு செய்வது நல்லது.

நெருப்பும் இந்த ஊரின் பழைய பகை. மரச்சட்டங்களுக்கு நடுவே கல்லும் மண்ணும் அடைத்த சுவர்கள், மரப் படிகள், மரக்கூரை. ஒருகாலத்தில் வைஸ்ராய்கள் வசித்த பீட்டர்ஹாஃப் மாளிகை 1981-இல் எரிந்துபோனது; மீண்டும் கட்டப்பட்டு ஓட்டலானது. கோர்ட்டன் காசில் கட்டடத்தில் 2014-இல் தீ பரவியது. அறைக்குப் போகும்போதே வெளியேறும் படிக்கு எத்தனை கதவு என்று எண்ணிவைப்பது வீண் வேலை அல்ல. ஓட வேண்டி வந்தால் குழந்தையைத் தூக்குவது யார் என்பதையும் முன்கூட்டியே பேசிவைக்கலாம். அவசரத்தில் அம்மா தூக்கினாள் என்று அப்பாவும், அப்பா தூக்கினார் என்று அம்மாவும் நினைத்துவிடக்கூடும்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் பனி விழுந்தது. இரண்டு விரல் திறந்திருந்த ஜன்னல் வழியே குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. கிராதியின் ஒவ்வொரு கம்பியிலும் வெள்ளைக் கோடு. சோபா எதிர்ச்சுவரில் இருந்தது. குளியலறைக் கதவின் மேல் துண்டு தொங்கியது. பாட்டியின் சுருக்குப்பை அலமாரியின் உச்சித்தட்டில், பாட்டிக்கே எட்டாத உயரத்தில் இருந்தது.

கதவைத் தட்டிய ரூம் பாய் டீத்தட்டோடு வாசலிலேயே நின்றார். தட்டைத் தோளுக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "பாப்பா எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். தரை மெத்தையில் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு அது தூங்கிக்கொண்டிருந்தது. பார்த்த பிறகுதான் உள்ளே வந்தார். தட்டை டீப்பாயில் வைக்காமல், அலமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் போனார்.